சதுரம் வரும்போது

வட்டம் வந்தால் காசு.
சதுரம் வந்தால் முகம்.
நடுவில் வெள்ளைப் புள்ளி மின்னும், உடனே அழுத்துங்கள்.
பிந்தினால் காசும் இல்லை, முகமும் கலங்கிப்போகும்.
மொந்தெவிதேயோ மருத்துவமனையின் அடித்தளத்தில்
அறுபது பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்,
ஒரே குரலில், ஒரே வேகத்தில்.
குரல் கொஞ்சம் குழைந்தாலும்
அதுவே ஒரு பரிசாகிவிடும்.

முப்பத்தொன்றாம் ஆளுக்குத்
துறைமுகத்தில் இரவுப்பணி.
குளிர்பெட்டகங்களின் முள்ளைப் பார்த்து எழுதுபவர்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
பேருந்துக் காசுக்குக் கையெழுத்திட்டபோது தெரிந்துவிட்டது:
செர்வாந்தோ எச்செவெரி.
பெல்ட், சாவி, கடிகாரம் எல்லாம் தட்டில் வைத்தார்.
கக்கத்தில் இடுக்கியிருந்த வெந்நீர்க் குடுவையை மட்டும்
எங்கே வைப்பதென்று கேட்டார்.

"நண்பர்களைப் பார்க்கப் போவது எனக்கு மகிழ்ச்சி."
கேள்வித்தாளில் இதற்கு எதிரே
சரியும் இல்லை, தவறும் இல்லை.
ஓரத்தில் பென்சிலில்:
போய்வந்தால் நன்றாகத்தான் இருக்கிறது.
போவதற்கு முன்னால்தான் ஒன்றுமே இல்லை.

விடை செல்லாது என்று குறித்தேன்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று:
அந்தச் சிரிக்கும் முகங்களில் பதினேழாவது என்னுடையது.
ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாணவியாக இருந்தபோது,
வரவேண்டிய நடிகை வராததால்
சாம்பல் துணிக்கு முன் என்னை உட்காரவைத்து
இன்னும் கொஞ்சம், பல் தெரியட்டும் என்று
மத்தியானம் முழுக்கச் சிரிக்கவைத்து எடுத்தது.
அப்போது முடி நீளம்.
படத்தின் பக்கத்திலேயே நின்றாலும் யாருக்கும் தெரிவதில்லை.
அன்று பன்னிரண்டு தடவை அவரைப் பார்த்துச் சிரித்தேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஆறிய காப்பியோடு உட்கார்ந்துகொண்டே.

கணக்கு முடிய ஐந்து வாரம்.
தலை அசைந்ததைத் திருத்தி,
சராசரி மூளையின் அச்சுக்குள் அவர் மூளையை இழுத்துப் பொருத்தி,
பிறகுதான் படம்.
வட்டத்துக்கு,
கண்ணுக்குப் பின்னால் வெகு ஆழத்தில்
புளியங்கொட்டை அளவில் இரண்டு இடம்
காசு வருமுன்பே விழித்துக்கொண்டது.
சதுரத்துக்கு விழிக்கவில்லை.
ஆனால் முகம் வந்தே விட்ட நொடியில்,
இங்கேதான் நாற்காலியை முன்னால் இழுத்தேன்,
ஈர விறகில் பற்றுவதுபோல
சின்னதாக ஏதோ.
எல்லா முகத்துக்கும் அதேதான். எனக்கென்று தனியாக இல்லை.
இல்லாததைக் கொஞ்சம் தேடினேன் என்பதும் உண்மை.

தெரியும். ஒற்றை ஆளின் மூளையில்
ஒரு பொட்டு என்றால் அது இரைச்சல்.
ஒருவர் என்றால் கதை, எண்பது பேர் என்றால் விடை
என்பார் பேராசிரியை உம்பியெரெஸ்.
அட்டவணையில் முப்பத்தொன்று
கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி.
சமூக இன்பம் குறைந்தவர் என்று தலைப்பு.
எனக்கென்னவோ
காக்கை மட்டும் கரையாத வீடு என்று தோன்றியது.
விருந்து வந்துவிட்டால்
அடுப்பு எரியத்தான் செய்கிறது.

ஆகஸ்டில் இரண்டாம் அமர்வு.
தெற்கிலிருந்து மழை, இயந்திரம் பழுது.
நடைக்கூடத்து பெஞ்சில் அவர் குடுவையைத் திறந்தார்.
சுரைக்குடுக்கையில் மாத்தே, அதில் ஒரே உறிஞ்சுகுழல்.
முதலில் தான் குடித்தார். மறுபடி ஊற்றினார்.
என் பக்கம் நீட்டினார்,
முகம் மாறாமல், முள்ளைப் பார்த்து எழுதுபவரின் கையால்.

கசப்பு. நாக்கைச் சுடும் சூடு.
குழல் கரகரக்கும் வரை உறிஞ்சினேன்.

எங்கள் ஊரில் குடுக்கையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
பங்கேற்பாளரிடம் எதையும் வாங்கக் கூடாது, அது விதி.
சொல்லியிருக்க வேண்டும்.
நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லாமல் கொடுத்தேன்.
தனக்கு ஊற்றிக்கொண்டார். மெதுவாகக் குடித்தார்.
என் முறை வரும்வரை
அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.